அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தாச்சு... இனி?

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்காக அம்மாவுக்கு அறுவை நடந்தது. பக்கவாட்டில் ஒரு குழாயும் பாட்டிலுமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்த்தாலே பயமாக இருக்கிறது. முட்டை, மீன் கொடுத்தால் சீழ் வைக்கும் என்று பெரியம்மா தடுக்கிறார்.

பதில்: காயத்துக்குள் ஊறும் நீரை வெளியேற்றத்தான் அந்தக் குழாய். தினமும் ஒரே நேரத்தில் எத்தனை மில்லி சேர்ந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கையை நன்றாகக் கழுவிவிட்டுக் காலி செய்து, செவிலியர் காட்டியபடியே மூடுங்கள். சிவப்பாக வரும் நீர் போகப்போக வெளிறி மஞ்சளாகும். தொடர்ந்து 2 நாள் 30 மில்லிக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் குழாயை எடுத்துவிடுவோம். திடீரென்று ரத்தமாக வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, காயத்தைச் சுற்றிச் சிவந்து சுட்டாலோ அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காதீர்கள்.

பெரியம்மா கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன்: சீழ் வைப்பது கிருமியால், முட்டையால் அல்ல. காயம் ஆறப் புரதம் வேண்டும். ரசம் சாதத்திலேயே நிறுத்திவைத்தால் கீமோ (புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் சிகிச்சை) தொடங்கும்போது உடம்பில் தெம்பு இருக்காது.

கேள்வி: அறுவை நடந்த பக்கத்துக் கையை அம்மா அசைக்கவே நாங்கள் விடுவதில்லை. சரிதானே?

பதில்: சரியில்லை, தோள் இறுகிவிடும். விரலையும் முழங்கையையும் சீக்கிரமே அசைக்கலாம். தோளை உயர்த்தும் பயிற்சியை மருத்துவர் சொல்லும் நாளில் தொடங்குங்கள். தண்ணீர்க் குடம் மட்டும் இப்போது வேண்டாம். அக்குளில் உடல் நீரை வடிகட்டும் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால் பல வருடம் கழித்தும் கை வீங்கலாம். வளையலோ மோதிரமோ இறுகினால் சொல்லுங்கள்.

கேள்வி: கீமோ போட்டுப் பத்தாம் நாள் ராத்திரி அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. பாராசிட்டமால் கொடுத்துத் தூங்க வைத்தேன், காலையில் குறைந்துவிட்டது. அடுத்த முறையும் அப்படியே செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. இந்தப் பதிலை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள்தான் பெரும்பாலும் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறையும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சலே அவசரம். தொற்று ரத்தத்தில் பரவினால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையால் சூடு இறங்கும், தொற்று அப்படியே இருக்கும். நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய், “கீமோ எடுப்பவர், இந்தத் தேதியில் போட்டது” என்பதை முதலில் சொல்லுங்கள். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது, தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். அப்புறம், எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் கஷாயம் கொடுக்காதீர்கள். அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

கேள்வி: அப்பாவுக்குக் குடல் புற்றுநோய். “குடலில் புண்” என்றுதான் சொல்லியிருக்கிறோம். கீமோ வார்டில் உண்மை தெரிந்துவிடுமோ?

பதில்: அநேகமாகத் தெரிந்திருக்கும். பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லியிருப்பார், இல்லையென்றால் வாசலில் இருக்கும் பெயர்ப் பலகையே சொல்லியிருக்கும். இப்படிப்பட்ட அப்பாக்கள் என்னிடம் தனியாக வந்து, “பிள்ளைங்களுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், தாங்க மாட்டாங்க” என்பதும் உண்டு. ஒரே வீட்டில் இரண்டு தரப்பும் நடித்துக்கொண்டிருப்பார்கள்.

எல்லோரும் கூடி உட்கார்ந்து சொல்ல வேண்டியதில்லை. “டாக்டர் சொன்னதில் உங்களுக்கு என்னப்பா புரிஞ்சுது?” என்று கேளுங்கள். அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள். போதும் என்றால் நிறுத்திவிடுங்கள். மறைப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குடல் புற்றுநோய்க்குத் தரும் ஆக்சாலிபிளாட்டின் மருந்தால் விரல் நுனி மரத்துப்போகலாம், குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்று குத்தலாம். மருந்தின் அளவைக் குறைக்கச் சொல்லும் அறிகுறியாகவும் அது இருக்கலாம். என்ன மருந்து ஏறுகிறது என்றே தெரியாதவர் “வயசாச்சு” என்று விட்டுவிடுவார், உங்களிடம்கூடச் சொல்ல மாட்டார்.

கேள்வி: அறுவைக்கே சேமிப்பு கரைந்துவிட்டது. கீமோவுக்கு என்ன செய்வது?

பதில்: தமிழ்நாட்டில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். கீமோவும் கதிர்வீச்சும் அதில் உண்டு. முன் அனுமதி வாங்கி நடக்கும் திட்டம் அது; முதல் கீமோவுக்குத் தேதி குறிக்கும் முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.