தாய்லாந்துல மாயா பே பீச்சை ஏன் வருஷா வருஷம் மூடுறாங்க?

கிராபி பக்கம் ஃபி ஃபி லே-ன்னு ஆளே குடியில்லாத ஒரு குட்டித் தீவு, அதுல மூணு பக்கமும் பாறை சூழ்ந்த பீச் தான் மாயா பே. வருஷா வருஷம் மூடுறதுன்னா ஆகஸ்ட், செப்டம்பர் ரெண்டு மாசம் யாரையும் உள்ள விடமாட்டாங்க, அவ்ளோதான்.

காரணம் பவளப்பாறை. 2018க்கு முன்னாடி ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல ஜனம், போட் எல்லாம் நேரா கரைக்கே வந்து நங்கூரத்தை பவளப்பாறை மேல போடும், ப்ரொப்பல்லர் மணலைக் கிளப்பும், ஜனங்க பூசிட்டு வர்ற சன்ஸ்கிரீன் வேற. பவளம் பாதிக்கு மேல செத்துப்போச்சு. அதனால 2018 ஜூன்ல மூடினவங்க 2022 ஜனவரில தான் திறந்தாங்க. அந்த கேப்ல கருப்புத் துடுப்பு சுறாக்கள் தானா திரும்பி வந்துடுச்சு (பயப்படாதீங்க, அதுங்க தான் நம்மள பார்த்து ஓடும்).

இப்போ போட் தீவோட பின்பக்கம் லோ சமா பே-ல தான் நிக்கும், அங்கேர்ந்து மரப்பாதைல நடந்து வரணும், கால் நனைக்கலாம் ஆனா நீச்சல் கிடையாது. இந்த ரெண்டு மாச லீவு, நிலத்தை ஒரு போகம் தரிசா போட்டு சத்து ஏற விடுறோம்ல, அதே கதை தான். மழைக்காலம், கடலும் கொந்தளிப்பா இருக்கும், வியாபாரத்துக்கும் பெரிய அடி இல்ல. நல்ல ஏற்பாடுன்னு தான் சொல்வேன்.

நிறைய பேரு அந்த ரெண்டு மாசம் ஃபி ஃபியே மூடிடும்னு நினைச்சு ட்ரிப்பை கேன்சல் பண்றாங்க, மூடுறது மாயா பே மட்டும் தான், ஹோட்டல் இருக்குற பக்கத்துத் தீவு ஃபி ஃபி டான் எப்பவும் போல திறந்தே இருக்கும்.