நீல் வார்னாக்கின் எட்டுப் பிரிவு உயர்வுகள்: கேள்வி பதில்

இங்கிலாந்துக் கால்பந்தின் மூத்த மேலாளர் நீல் வார்னாக்கைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான என் பதில்களும் கீழே உள்ளன.

கேள்வி: வணக்கம் ஐயா. வார்னாக் எந்தெந்த அணிகளை மேல்பிரிவுக்குக் கொண்டு சென்றார்?

ஏழு கழகங்களை எட்டு முறை உயர்த்தியிருக்கிறார். ஸ்கார்பரோ (1987), நாட்ஸ் கவுண்டி (1990, 1991), ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன் (1995), பிளைமவுத் ஆர்கைல் (1996), ஷெஃபீல்ட் யுனைடெட் (2006), குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் (2011), கார்டிஃப் சிட்டி (2018). இங்கிலாந்தில் வேறெந்த மேலாளரும் இத்தனை உயர்வுகளைப் பெற்றுத் தந்ததில்லை. ஷெஃபீல்டில் 1948இல் பிறந்த வார்னாக், சிறிய கழகங்களில் விங்கராக, அதாவது மைதானத்தின் பக்கவாட்டில் ஓடித் தாக்கும் வீரராக, ஆடியவர். பாத நோய்களுக்குச் சிகிச்சை அளிக்கும் தொழிலையும் முறையாகக் கற்றவர்.

கேள்வி: கோப்பைகளை வென்றவர்களோடு ஒப்பிட்டால், கீழ்ப்பிரிவில் வெல்வது பெரிய சாதனைதானா?

பெரிய சாதனைதான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. உச்சப் பிரிவில் பட்டம் வெல்லும் மேலாளருக்குப் பெரும்பாலும் பணமும் நட்சத்திர வீரர்களும் முன்கூட்டியே கிடைத்துவிடுகின்றன. உச்சப் பிரிவுக்கு அடுத்த பிரிவான சாம்பியன்ஷிப்பிலோ இருபத்து நான்கு அணிகள் தலா 46 ஆட்டங்கள் ஆடி முடித்த பிறகு முதல் இரண்டு அணிகள் மட்டுமே நேரடியாக மேலேறும். மூன்றாவதாக வந்த அணிகூட பிளே-ஆஃப் என்னும் நாக்-அவுட் சுற்றில் தோற்றால், ஆண்டு முழுவதும் பட்ட பாடு வீணாகிவிடும். வார்னாக்கின் எட்டில் நான்கு உயர்வுகள் அந்தச் சுற்றின் வழியாகக் கிடைத்தவை. அந்த நான்கு இறுதி ஆட்டங்களும் லண்டனின் வெம்பிளி மைதானத்தில் நடந்தன. நான்கிலும் அவர் வென்றார். ஐந்தாவது முறையாக 2003இல், ஷெஃபீல்ட் யுனைடெட்டுடன் கார்டிஃப் நகரில் ஆடிய இறுதியில், உல்வர்ஹாம்ப்டனிடம் 3-0 எனத் தோற்றார்.

கேள்வி: ஸ்கார்பரோவின் உயர்வைப் பலர் தனியாகச் சொல்கிறார்களே, ஏன்?

அதற்கு முன்பு ஐந்தாம் நிலையில் முதலிடம் பெற்ற கழகம், மேலுள்ள நான்கு பிரிவுகளைக் கொண்ட ஃபுட்பால் லீக்கில் நுழைய வேண்டுமானால், லீக்கிலுள்ள கழகங்களின் வாக்குகள் வேண்டும். பெரும்பாலும் பழைய கழகங்களையே மீண்டும் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். 1987இல்தான் நேரடி உயர்வு நடைமுறைக்கு வந்தது. அந்தக் கதவு வழியே முதன்முதலில் உள்ளே வந்தது வார்னாக்கின் ஸ்கார்பரோ. வெளியே சென்றது லிங்கன் சிட்டி. கடலோரச் சிற்றூர் ஒன்றின் கழகம், அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, ஒரு காலத்தில் இங்கிலாந்தின் சாம்பியனாக இருந்த உல்வர்ஹாம்ப்டனைத் தன் மைதானத்தில் எதிர்கொண்டு 2-2 எனச் சமன் செய்தது.

கேள்வி: அண்ணா, எட்டில் உங்கள் பார்வையில் மிகச் சிறந்தது எது?

நாட்ஸ் கவுண்டியின் இரட்டை உயர்வைத்தான் சொல்வேன். 1989 ஜனவரியில் அவர் பொறுப்பேற்றபோது அக்கழகம் மூன்றாம் பிரிவில் இருந்தது. 1990 மே மாதம் டிரான்மியரை 2-0 எனவும், அடுத்த ஆண்டு ஜூனில் பிரைட்டனை 3-1 எனவும் வெம்பிளியில் வீழ்த்தி, இரண்டே பருவங்களில் உச்சப் பிரிவைத் தொட்டார். முதல் இறுதியில் டாமி ஜான்சனும் கிரெய்க் ஷார்ட்டும் கோலடித்தார்கள். இந்த ஷார்ட், வார்னாக் ஸ்கார்பரோவிலிருந்து அழைத்து வந்த தற்காப்பு வீரர். உச்சப் பிரிவில் ஓராண்டு மட்டுமே நிலைத்து, அந்தப் பிரிவு பிரீமியர் லீக் என மாறுவதற்குச் சற்று முன்பே அக்கழகம் கீழே இறங்கியதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

கேள்வி: அவருடைய அணிகளில் அப்படி என்ன தனித்தன்மை இருந்தது?

அவர் முதலில் கோல்கீப்பரையும் தற்காப்பையும் உறுதி செய்வார். அதற்குத் தான் அறிந்த ஆட்களையே தேடிப் போவார். கோல்கீப்பர் பேடி கென்னி, பரி, ஷெஃபீல்ட் யுனைடெட், குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், லீட்ஸ் என நான்கு கழகங்களில் அவருக்குக் கீழ் ஆடியவர். ஷான் டெரியும் கிளின்ட் ஹில்லும் கிரிஸ்டல் பேலஸில் அவரிடம் ஆடிவிட்டு, 2010இல் ரேஞ்சர்ஸுக்கும் அவர் பின்னால் வந்தார்கள். எனவே ஓய்வறையில் அவர் சொல்லை நம்பும் நான்கைந்து பேர் முதல் நாளிலிருந்தே இருப்பார்கள்.

ஆனால் கட்டுக்கோப்பு மட்டுமே அவருடைய திறமை என்று நினைப்பது தவறு. ரேஞ்சர்ஸில் அடெல் தாராப்ட் என்ற மொராக்கோ வீரர் இருந்தார். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு எவரையும் ஏமாற்றக்கூடியவர். அதே பந்தைத் தன் கோல் பக்கத்தில் இழந்து அணியைத் தவிக்க விடக்கூடியவரும்கூட. வேறொரு மேலாளராக இருந்தால் அவரைத் திருத்த முயன்று தோற்றிருப்பார். வார்னாக்கோ அவரை அணித்தலைவராக்கினார். பின்னர் மற்ற வீரர்களைக் கூப்பிட்டு, நம் பாதி மைதானத்தில் தாராப்ட்டுக்குப் பந்து கொடுப்பவருக்கு அபராதம் என்று அறிவித்தார். அந்தப் பருவத்தில் தாராப்ட் லீக்கில் 19 கோல்கள் அடித்தார், சாம்பியன்ஷிப்பின் சிறந்த வீரராகத் தேர்வானார், அணி 88 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்தது. ஒருவரின் குறையை மாற்ற முனையாமல், அந்தக் குறை அணியைப் பாதிக்காதபடி மற்ற பத்துப் பேரையும் ஒழுங்குபடுத்திய அந்த அறிவைத்தான் நான் மேலாண்மை என்பேன்.

கேள்வி: அப்படியானால் பிரீமியர் லீக்கில் ஏன் அவர் நிலைக்கவில்லை?

கீழ்ப்பிரிவில் போதுமானதாக இருந்த விசுவாசமும் உடல்பலமும் மேலே போனதும் போதாமல் போனது உண்மைதான். இருந்தாலும் 2007 மே 13 அன்று நடந்ததை அறியாமல் அவரைத் தீர்ப்பிடக் கூடாது. ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கு அன்று, சொந்த மைதானமான பிராமால் லேனில், விகனுக்கு எதிராகச் சமநிலை போதுமானதாக இருந்தது. ஆட்டம் 1-1 என இருக்கையில் இடைவேளைக்குச் சற்று முன்பு ஃபில் ஜாகியெல்காவின் கையில் பந்து பட, விகனுக்குப் பெனால்டி கிடைத்தது. அதை அடித்து கோலாக்கிய டேவிட் அன்ஸ்வொர்த், நான்கு மாதங்களுக்கு முன்புவரை ஷெஃபீல்ட் யுனைடெட்டின் வீரர். இரு கழகங்களும் 38 புள்ளிகளில் முடிக்க, ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் ஷெஃபீல்ட் இறங்கியது. அதே நாளில் ஓல்ட் டிராஃபோர்டில் கோலடித்து, இறங்கும் ஆபத்தில் இருந்த இன்னொரு கழகமான வெஸ்ட் ஹாமைக் காப்பாற்றிய கார்லோஸ் டெவெஸின் ஒப்பந்தம் தொடர்பான விதிமீறலுக்காக, வெஸ்ட் ஹாமுக்கு 55 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டதே தவிர, புள்ளிகள் குறைக்கப்படவில்லை. தான் பிறந்த ஊரின் கழகத்தை மேலே ஏற்றிய மனிதர், சில நாள்களில் பதவி விலகினார்.

ரேஞ்சர்ஸ் அவரை 2012 ஜனவரியில், பருவத்தின் நடுவிலேயே நீக்கிவிட்டது. கார்டிஃப் 2019இல் 34 புள்ளிகளுடன் இறங்கியது. புதிதாக வாங்கிய எமிலியானோ சாலா அந்த ஜனவரியில் விமான விபத்தில் இறந்த துயரத்தையும் அந்த அணி சுமக்க வேண்டியிருந்தது.

கேள்வி: அவருக்கு அடுத்த இடத்தில் யார்?

டேவ் பாசெட். விம்பிள்டன், ஷெஃபீல்ட் யுனைடெட், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஆகியவற்றுடன் ஏழு உயர்வுகள்.

கேள்வி: கார்டிஃப் உயர்வின்போது அவருக்கு எழுபது வயதா?

அறுபத்தொன்பது. 2016 அக்டோபரில் அவர் வந்தபோது கார்டிஃப் சாம்பியன்ஷிப் பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடத்தில் கிடந்தது. அந்தப் பருவத்தைப் பன்னிரண்டாம் இடத்தில் முடித்து, அடுத்த பருவத்தில் 90 புள்ளிகள் எடுத்தார். அந்த அணியில் பந்தை அழகாகச் சுற்றிவிடும் ஆட்டத்தை நீங்கள் காண முடியாது. ஆரோன் குன்னார்சன் எல்லைக் கோட்டிலிருந்து கையால் எறியும் நெடுந்தூரப் பந்துகளையும், அவற்றை நோக்கிப் பாயும் ஷான் மாரிசனின் நெற்றியையும் காணலாம். 2018 மே 6, கடைசி ஆட்டத்தில் ரெடிங்கோடு 0-0. இரண்டாம் இடத்துக்குப் போட்டியிட்ட ஃபுல்ஹம் அன்று பர்மிங்காமில் 3-1 எனத் தோற்றுக்கொண்டிருந்ததால் அந்தச் சமநிலையே போதுமானதாயிற்று. நடுவரின் இறுதி விசில் கேட்டதும் ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள்.