ஸ்டீவ் ரோஜர்ஸ் யாருக்கு சல்யூட் அடிக்கிறான்?

அண்ணா வணக்கம்,

சூப்பர்ஹீரோ படங்கள்ல எது பெஸ்ட்னு கேட்டதுக்கு 'கேப்டன் அமெரிக்கா: தி விண்டர் சோல்ஜர்'னு ஒரே வரில எழுதிட்டு போயிட்டீங்க, காரணம் சொல்லல. லீவுல மூணு கேப்டன் அமெரிக்கா படத்தையும் வரிசையா பாத்தேன். எனக்கு ஒட்டவே இல்ல. கொடிய உடம்புல சுத்திக்கிட்டு ஒரு நல்லவன், முதல் படத்துலயும் நல்லவன், மூணாவது படத்துலயும் நல்லவன், இதுல கேரக்டர்னு என்ன இருக்கு? அயர்ன் மேனா வர டோனி ஸ்டார்க்க பாருங்க, ஆயுத வியாபாரியா ஆரம்பிச்சு எங்க வந்து முடியிறான்! அதுவும் போக இதெல்லாம் அமெரிக்க ராணுவத்துக்கு எடுத்த விளம்பரம் தானே, அவங்க தேசபக்திக்கு நாம ஏன் விசில் அடிக்கணும்? நம்ம ஊர் தேசபக்தி படம்னா கிண்டல் பண்றீங்க, வெள்ளக்காரன் எடுத்தா மட்டும் ஓகேவா?

இன்னொண்ணு, அக்கா பையனுக்கு பத்து வயசு. அவனுக்கு எதுல இருந்து ஆரம்பிச்சு காட்டலாம், தமிழ் டப்பிங் பரவால்லயா?

— ஒரு வாசகர், ஈரோடு

தம்பி,

அக்கா பையன் விஷயத்துக்கு கடைசில வரேன், மொதல்ல அந்த "வெள்ளக்காரன்" குத்துக்கு பதில் சொல்லிடறேன்.

நம்ம ஊர் தேசபக்தி படங்கள்ல எனக்கு ஆகாத விஷயம் ஒண்ணே ஒண்ணுதான், ஹீரோ நாட்ட நேசிக்கிறதால அவனுக்கு ஒரு நஷ்டமும் வராது. பின்னாடி கொடி பறக்கும், முன்னாடி தீவிரவாதி நிப்பான், நம்மாளு அஞ்சு நிமிஷம் புள்ளிவிவரத்தோட பேசுவாரு, போலீஸ் ராணுவம் கோர்ட்டு எல்லாம் அவரு பக்கம், நடுவுல ஒரே ஒரு கெட்ட மந்திரி இருப்பாரு, அவரையும் க்ளைமாக்ஸ்ல தூக்கிடுவாங்க. இதுல அவன் நாட்ட நேசிக்கிறானா இல்ல ட்யூட்டி பாக்கறானான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? கேப்டன் அமெரிக்காவா வர ஸ்டீவ் ரோஜர்ஸ் கதையில அந்த நஷ்டம் இருக்கு. எல்லா இடத்துலயும் இல்ல, சில இடத்துல நல்லாவே ஏமாத்தியிருக்காங்க, அதையும் சொல்றேன்.

இந்த கேரக்டர் பொறந்த கதையே ஒரு சண்டைதான். காமிக்ஸ்ல இவன உருவாக்குனது ஜோ சைமன், ஜாக் கிர்பின்னு ரெண்டு பேரு, ரெண்டு பேருமே யூத குடும்பம், அமெரிக்காவுக்கு பொழைக்க வந்தவங்களோட புள்ளைங்க. முதல் இதழ் அட்டையில 1941 மார்ச்னு போட்டிருக்கும், ஆனா 1940 டிசம்பர்லயே கடைக்கு வந்துடுச்சு. அட்டைப்படத்துல கேப்டன் அமெரிக்கா ஹிட்லர் தாடையில ஒரு குத்து விடறான். இன்னைக்கு பாத்தா சாதாரணமா தெரியும், ஆனா பெர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்தது 1941 டிசம்பர்ல, அதாவது அமெரிக்கா அப்ப போர்லயே இல்ல, ஐரோப்பா சண்ட நமக்கெதுக்குன்னு சொல்ற கூட்டம் அந்த நாட்டுல ரொம்ப பெருசு. 1939 பிப்ரவரில நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல கிட்டத்தட்ட 20,000 பேர் கூடி நாஜி ஆதரவு கூட்டமே போட்டிருக்காங்க, மேடையில ஜார்ஜ் வாஷிங்டன் படம் வேற! அந்த ஊர்ல உக்காந்துகிட்டுதான் இவங்க ரெண்டு பேரும் இந்த அட்டைய போட்டாங்க, மிரட்டல் வந்துச்சு, நியூயார்க் மேயர் லா கார்டியாவே போன் பண்ணி பாதுகாப்பு தரேன்னு சொன்னதா சைமன் பின்னாடி சொல்லியிருக்காரு. அப்ப அந்த குத்து ஹிட்லருக்கு மட்டும் விழுந்த குத்து இல்ல, "நமக்கென்ன"ன்னு இருந்த சொந்த ஊர்க்காரனுக்கும் சேத்து விழுந்தது.

இத மனசுல வச்சுக்கிட்டு 2011ல வந்த 'தி ஃபர்ஸ்ட் அவெஞ்சர்' பாத்தா நீங்க கேட்ட கொடி மேட்டருக்கு பதில் அதுலயே இருக்கு. ஒல்லிப் பையன், அஞ்சு ஊர்ல பொய் அட்ரஸ் குடுத்து ராணுவத்துல சேர பாத்து எல்லா ஊர்லயும் ரிஜெக்ட் ஆனவன். டாக்டர் எர்ஸ்கின்னு ஒரு ஜெர்மன்காரரு, அவரு கேக்கறாரு நாஜிக்காரங்கள கொல்லணுமான்னு. இவன் எனக்கு யாரையும் கொல்ல வேணாம், ஆளப் போட்டு மிரட்டறவன் எனக்கு புடிக்காது, அவன் எந்த ஊர்க்காரனா இருந்தாலும் சரிங்கறான். பதில்ல அமெரிக்காங்கற பேச்சே இல்ல கவனிச்சீங்களா? சீரம்ங்கற பலசாலியாக்கற மருந்த ஏத்தி ஆள் ஜம்முனு ஆனதும் அரசாங்கம் அவன என்ன பண்ணுது, போருக்கு அனுப்பல, டைட்ஸ் மாட்டி மேடையேத்தி டான்ஸ் ஆடற பொண்ணுங்களோட வார் பாண்ட், அதாவது போர்ச் செலவுக்கான கடன் பத்திரம், விக்க விடுது. கொடி ட்ரெஸ்ஸு, பாட்டு, மேடையில டம்மி ஹிட்லருக்கு டெய்லி ஒரு குத்து. நீங்க சொன்ன விளம்பரம் இருக்கு பாருங்க, அத படமே எடுத்து நமக்கு முன்னாடி வச்சு நக்கல் பண்ணுது. இத்தாலியில நெஜ சிப்பாய்ங்க முன்னாடி அதே ஷோவ போட்டதும் தக்காளிய எடுத்து அடிக்கிறாங்க, அடிக்கத்தான் செய்வாங்க, அவங்க பாதிக்கு மேல ஆளுங்கள இழந்துட்டு வந்து உக்காந்திருக்காங்க.

அதுக்கப்புறம் அவன் உண்மையிலயே ஹீரோவா செய்யற முதல் காரியம் எது? மேலதிகாரி வேணாம்னு சொன்னத மீறி, நண்பன் பக்கியும் மத்த கைதிங்களும் மாட்டிக்கிட்ட எடத்துக்கு தனியா போறான். எல்லாரையும் கூட்டிட்டு வந்து கர்னல் முன்னாடி நின்னு, ஆர்டர மீறிட்டேன், தண்டனை குடுங்கன்னு தானே போய் நிக்கிறான். சல்யூட்டும் அடிக்கிறான், மீறலும் செய்றான், ரெண்டும் ஒரே ஆளு. இந்த ஒரு குணத்த புடிச்சுக்கிட்டுதான் அடுத்த படம் நிக்குது.

'விண்டர் சோல்ஜர்' 2014 ஏப்ரல்ல வந்துச்சு, ஸ்னோடன் அமெரிக்க உளவுத்துறை உலகத்தையே ஒட்டு கேக்குதுன்னு ஆவணங்கள வெளிய விட்டு அப்ப ஒரு வருஷம்கூட ஆகல. கதையில ஷீல்ட்ங்கற உளவு அமைப்பு மூணு பெரிய பறக்கற கப்பல் கட்டி வச்சிருக்கு, யாரு நாளைக்கு தப்பு பண்ணுவான்னு முன்னாடியே கணிச்சு மேல இருந்தே சுட்டுத் தள்ளிடலாம். அதோட தலைவர் நிக் ஃப்யூரி இத பெருமையா காட்டறாரு, ஸ்டீவுக்கு வயித்த கலக்குது, இது சுதந்திரம் இல்ல, பயம்ங்கறான். இதுல அவன் 1940கள்ல ஐஸ்ல உறைஞ்சு போயி முழிச்சவன்ங்கறது வெறும் காமெடிக்கு இல்ல. அவன் சண்ட போட்ட நாடு எதுன்னு அவன் மனசுல ஒரு கணக்கு இருக்கு, இப்ப இருக்கற நாடு அதோட ஒத்து வரல. ஸ்மித்சோனியன் மியூசியத்துல அவனப் பத்தியே ஒரு கண்காட்சி ஓடுது, அவன் தொப்பிய போட்டுக்கிட்டு திருட்டுத்தனமா அதப் போய் பாக்கறான், கடைசி சண்டைக்கு முன்னாடி அங்க இருந்து தன்னோட பழைய யூனிஃபார்ம களவாடிட்டு போறான். அரசாங்கத்த எதுக்க அரசாங்க மியூசியத்துலயே கைய வைக்கிற தேசபக்தன், இதுக்கு மேல என்னய்யா கேரக்டர் வேணும்?

மாறவே மாட்டேங்கறான்னு சொன்னீங்க, சரிதான், மாற மாட்டான், அவனச் சுத்தி இருக்கறவங்கதான் மாறுவாங்க. 'விண்டர் சோல்ஜர்' கடைசில அந்த கப்பல்கள கெளப்ப விடாதீங்கன்னு மைக்ல ஸ்டீவ் பேசி முடிச்சதும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கற ஒரு சின்ன பையன், பேரு கூட தெரியாத டெக்னீஷியன், தலையில துப்பாக்கி வச்சும் கப்பல கெளப்ப மாட்டேன்னு சொல்றான் பாருங்க, கை நடுங்குது, கண்ணுல தண்ணி, காரணம் கேட்டா கேப்டன் ஆர்டர்ங்கறான். அந்த மூணு படத்துலயும் எனக்கு புடிச்ச ஹீரோ அந்த பையன்தான். டோனி கதை வேற மாதிரி, அவன் தப்பு பண்ணி பண்ணி திருந்தறவன், அவனோட எல்லா கதையும் அவன் உள்ளயே நடக்குது. ஸ்டீவ் கதை அடுத்தவன் உள்ள நடக்குது. எழுதறவனுக்கு இது ரொம்ப கஷ்டம், கொஞ்சம் அசந்தா பிரசங்கம் ஆயிடும்.

இப்ப ஏமாத்து வேலைக்கு வரேன். மூணு கப்பல், ஒட்டு கேக்கறது, முன்கூட்டியே கொல்றது, எல்லாத்துக்கும் காரணம் என்னன்னு பாத்தா ஹைட்ரா! ஷீல்டுக்குள்ள நாஜிங்களோட மிச்சம் ஊடுருவிடுச்சாம். அப்பாடா, அமெரிக்கா செய்யல, உள்ள பூந்த களவாணிப்பய செஞ்சான். இதத்தான் நம்ம ஊர் படத்துல அந்த ஒத்த கெட்ட மந்திரிய வச்சு செய்றாங்க, என்ன, அவங்ககிட்ட பட்ஜெட் ஜாஸ்தி. ஒரே ஒரு எடத்துல படம் உண்மைக்கு பக்கத்துல போகுது. பழைய பங்கர்ல கம்ப்யூட்டரா உயிரோட இருக்கற ஹைட்ரா விஞ்ஞானி ஸோலா, போர் முடிஞ்சதும் ஷீல்ட்தான் என்னை கூப்பிட்டு வேலைக்கு வச்சுதுன்னு சொல்றான். நிஜத்துலயும் ஆபரேஷன் பேப்பர்க்ளிப்னு 1,600க்கு மேல ஜெர்மன் விஞ்ஞானிங்கள அமெரிக்கா கூட்டிட்டு வந்துச்சு, நிலாவுக்கு போன ராக்கெட்ட செஞ்ச ஃபான் பிரௌன் அதுல ஒருத்தரு. அப்ப ஹைட்ரா ஊடுருவல, வாங்கன்னு சொல்லி நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்காங்க. ஆனா அத யோசிக்கறதுக்குள்ள ஏவுகணை வந்து விழுந்துடுது, சீன் முடிஞ்சுது.

1974லயே காமிக்ஸ் இதவிட தைரியமா இருந்துச்சு. ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் எழுதுன கதையில ஒரு ரகசிய கும்பலோட தலைவன துரத்திட்டு போனா அவன் வெள்ளை மாளிகைக்குள்ள ஓடறான், முகமூடிய கழட்டினா உள்ள பெரிய பதவில இருக்கற ஒருத்தரு, முகத்த நமக்கு காட்ட மாட்டாங்க, அமெரிக்க பிரசிடெண்ட் நிக்சன் மாட்டுன வாட்டர்கேட் விவகாரம் ஓடிக்கிட்டிருந்த நேரம், நிக்சனத்தான் நெனச்சேன்னு எங்கிள்ஹார்ட் பின்னாடி சொல்லியிருக்காரு. ஸ்டீவ் கொடி ட்ரெஸ்ஸ கழட்டி போட்டுட்டு நோமாட்னு வேற பேர்ல சுத்தறான். நிஜ நிக்சன் அந்த ஆகஸ்ட்ல ராஜினாமா பண்ணாரு. சினிமாவுல இத எடுக்க யாருக்கும் இன்னும் துணிச்சல் வரல. 2025ல வந்த நாலாவது கேப்டன் அமெரிக்கா படத்துல பிரசிடெண்டே சிவப்பு ஹல்க்கா மாறி வெள்ளை மாளிகைய ஒடைக்கிறாரு, கேக்கறதுக்கு பயங்கர அரசியலா இருக்குல்ல, பாத்தா ஒண்ணுமில்ல.

மூணாவது படம் 'சிவில் வார்' பத்தி நீங்க ஒண்ணும் சொல்லல. அதுல சூப்பர்ஹீரோக்கள ஐ.நா. கட்டுப்பாட்டுல கொண்டு வர 117 நாடு கையெழுத்து போட்ட ஒப்பந்தத்த ஸ்டீவ் மறுக்கறான், எனக்கு அதுல டோனி பக்கம்தான் நியாயம் அதிகமா தெரிஞ்சுது, கேள்வி கேக்க ஆளில்லாம இவங்க பாட்டுக்கு ஊர் ஊரா போய் அடிச்சு நொறுக்கலாமா? ஆனா பாதி படத்துக்கு மேல அந்த வாதத்தையே மறந்துட்டு பக்கிய காப்பாத்தற கதையாயிடுது. நட்பு கதையா நல்ல படம். நாடு, சட்டம் பத்தி பேச ஆரம்பிச்ச படமா பாத்தா நழுவிடுச்சு.

ஆனா உங்க கேள்விக்கு நேரடி பதில் படத்துல இல்ல, 2021ல வந்த 'தி ஃபால்கன் அண்ட் தி விண்டர் சோல்ஜர்' சீரிஸ்ல இருக்கு, கண்டிப்பா பாருங்க. ஸ்டீவ் போனப்புறம் அரசாங்கம் ஜான் வாக்கர்னு ஒருத்தனுக்கு ஸ்டீவோட கேடயத்த குடுக்குது. அமெரிக்காவோட பெரிய வீர விருதான மெடல் ஆஃப் ஹானர மூணு தடவ வாங்குன சிப்பாய், தேசபக்தில ஸ்டீவுக்கு ஒரு இஞ்ச் கொறச்சல் இல்ல, பின்னாடி அதே மாதிரி சீரமும் ஏத்திக்கறான். நண்பன் செத்த வெறில, கெஞ்சற ஒருத்தன நடுத்தெருவுல கேடயத்தாலயே அடிச்சு கொல்றான், ஊரே செல்ஃபோன்ல புடிக்குது, கேடயத்துல ரத்தம் வழியுது. விசாரணையில நீங்க சொன்னததானே நான் செஞ்சேன்னு கத்தறான், அது பொய்யும் இல்ல. அந்த இடத்துல எனக்கு அவன் மேல பாவமா இருந்துச்சு. ஆர்டர் போட்டவன் எல்லாம் கோட்டு போட்டு உக்காந்திருக்கான், மாட்டுனது இவன். ஸ்டீவுக்கும் இவனுக்கும் வித்தியாசம் பலத்துல இல்ல, எந்த ஆர்டர மறுக்கறதுன்னு தெரியறதுல இருக்கு.

அதே சீரிஸ்ல ஐசயா பிராட்லின்னு ஒரு கெழவரு வராரு. கறுப்பின சிப்பாய், அவருக்கும் சீரம் ஏத்தி, சொன்ன பேச்ச மீறி மாட்டிக்கிட்ட தோழர்கள காப்பாத்தப் போனாரு, அதாவது 1943ல ஸ்டீவ் செஞ்ச அதே காரியம். அவனுக்கு கைதட்டு கெடச்சுது, இவருக்கு 30 வருஷம் ஜெயிலும் உடம்புல ஊசியும். இந்த கேரக்டர் 2003ல காமிக்ஸ்ல வந்தது, அதுக்கு பின்னாடி டஸ்கீகி கொடுமை இருக்கு, 1932ல இருந்து 1972 வரைக்கும் அரசாங்கமே கறுப்பின ஆளுங்களுக்கு சிஃபிலிஸ் நோய்க்கு வைத்தியம் பண்ணாம வேடிக்கை பாத்த ஆராய்ச்சி. முதல் படத்துல ஸ்டீவோட டீம்ல கறுப்பினத்தவர், ஜப்பானிய அமெரிக்கர் எல்லாம் தோள்ல கை போட்டு ஒண்ணா சுத்துவாங்கல்ல, நிஜத்துல அமெரிக்க ராணுவத்துல இனப் பிரிவினைய ஒழிக்க ட்ரூமன் உத்தரவு போட்டதே 1948லதான், ஜப்பானிய அமெரிக்கர்கள் லட்சம் பேருக்கு மேல போர் காலத்துல முகாம்ல அடைச்சு வச்சிருந்தாங்க. முதல் படம் கழுவித் தொடச்ச அழுக்க இந்த கெழவர் ஒருத்தர் திரும்ப கொண்டு வந்து கூடத்துல கொட்டறாரு. கடைசில அவருக்கு மியூசியத்துல ஒரு சிலை வச்சு முடிச்சுட்டாங்க, அது எனக்கு பத்தல.

ராணுவ விளம்பரம்னு சொன்னதுல பாதி உண்மை இருக்கு. 'அயர்ன் மேன்' எட்வர்ட்ஸ் விமானப்படை தளத்துல ராணுவ ஒத்துழைப்போட எடுத்தது, 'கேப்டன் மார்வெல்' வந்தப்ப விமானப்படை அத வச்சு ஆள் சேக்கற விளம்பரமே ஓட்டுச்சு. ஆனா 2012 'அவெஞ்சர்ஸ்'ல அமெரிக்க ராணுவ தலைமையகமான பென்டகன் பாதில வெலகிடுச்சு, ஷீல்ட் யாருக்கு கீழ வருதுன்னு புரியலயாம். டோனிக்கு விசில் அடிச்சீங்கன்னா அந்த விளம்பரத்துக்கும் சேத்துதான் அடிச்சிருக்கீங்க, அதையும் கணக்குல வச்சுக்கங்க.

அக்கா பையனுக்கு 'ஃபர்ஸ்ட் அவெஞ்சர்'ல இருந்தே ஆரம்பிங்க, ஒல்லிப் பையன் பயிற்சி முகாம்ல டம்மி குண்டு மேல பாயற சீன்லயே அவன் மாட்டிக்குவான். ஜான் வாக்கர் சீரிஸ இப்ப காட்ட வேணாம், அந்த ரத்தம் பத்து வயசுக்கு ஜாஸ்தி. தமிழ் டப்பிங் தாராளமா போடுங்க, பசங்களுக்கு அதுதான் சிரிப்பு வரும். 'எண்ட்கேம்'ல மட்டும் உங்க டோனி விஜய் சேதுபதி குரல்ல பேசுவாரு, அதுக்கு நீங்க மனச தயார் பண்ணிக்கங்க, பையன் ஒண்ணும் சொல்ல மாட்டான்.