லூட் வாங்கப்போகிறீர்களா? ஆறா, ஏழா, எட்டா, பத்தா?

லூட் என்பது விரல்களால் மீட்டும் பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியம். மறுமலர்ச்சிக் கால லூட்டை எத்தனை கோர்ஸுடன் வாங்குவது என்று யோசிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: கோர்ஸ் என்றால் ஒரு தந்தியா சார்?

இல்லை, ஜோடி. இரண்டு தந்திகளை அருகருகே கட்டி ஒன்றாக மீட்டுவதுதான் ஒரு கோர்ஸ். முதல் கோர்ஸ் மட்டும் பெரும்பாலும் ஒற்றைத் தந்தி. அதனால் ஆறு கோர்ஸ் லூட்டில் 11 தந்திகள், எட்டு கோர்ஸில் 15.

கேள்வி: பிரான்செஸ்கோ டா மிலானோ என்றால் எனக்கு உயிர். எட்டு வாங்கச் சொல்கிறார்களே?

ஆறே வாங்குங்கள். அந்த இத்தாலிய லூட் கலைஞர் 1543இல் மறைந்தவர். அவர் இசை ஆறு கோர்ஸுக்கே உரியது. 1507இல் வெனிஸில் பெத்ருச்சி என்ற இசைப் பதிப்பாளர் அச்சிட்ட, லூட் கலைஞர் ஸ்பினச்சினோவின் தொகுப்புகளும் அப்படித்தான். எட்டிலும் வாசிக்கலாம். ஆனால் நீங்கள் தொடாத இரண்டு ஜோடிகளும் கூடவே அதிரும், அந்த மெல்லிய பின்னல் கலங்கிவிடும். எனக்கு அது பொறுக்காது.

கேள்வி: ஆங்கில லூட் இசையமைப்பாளர் டௌலண்டின் இசைக்கு ஏழு போதுமா?

பெரும்பாலானவற்றுக்குப் போதும், ஏழாவதை எந்த ஸ்வரத்தில் வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். ஆறாவது கோர்ஸ் மேற்கத்திய ஸ்வரப் பெயரில் ஜி என்றால், ஏழாவதை அதற்குக் கீழே உள்ள டி-யில் வையுங்கள். அதன் முதல் ஃப்ரெட்டில் (வீணையின் மெட்டு போன்றது) ஈ ஃப்ளாட் கிடைக்கும், மூன்றாவதில் எஃப். சிக்கல் எங்கே என்றால், எஃப் தேவைப்படும்போதெல்லாம் இடக்கை விரல் ஒன்று அங்கே மாட்டிக்கொள்ளும். மேலே மெலடி ஓடும் நேரத்தில் அந்த விரல் இல்லாமல் கை தவிக்கும். எட்டு கோர்ஸில் ஏழாவது எஃப், எட்டாவது டி. இரண்டும் அழுத்தாமலே ஒலிக்கும். ஒரே ஒரு லூட்தான் வாங்க முடியும், 16ஆம் நூற்றாண்டு முழுவதும் வாசிக்க ஆசை என்றால் எட்டுதான் என் தேர்வு.

கேள்வி: எடுத்தவுடன் பத்து வாங்கிவிடலாமா?

வேண்டாம். லூட் கலைஞர்களான ராபர்ட் பல்லார்டின் 1611ஆம் ஆண்டுத் தொகுப்பு, நிக்கோலா வலே 1615இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டது போன்றவைதான் உங்கள் இலக்கு என்றால் சரி. மற்றபடி அத்தனை மந்தரத் தந்திகளில் சரியானதைத் தேடியே வலக்கைக் கட்டைவிரல் களைத்துப்போகும்.

கேள்வி: கையில் கிட்டார் மட்டும்தான் இருக்கிறது. இப்போதே தொடங்க வழி உண்டா?

தாராளமாக! மூன்றாவது தந்தியை ஜி-யிலிருந்து அரை ஸ்வரம் இறக்கி எஃப் ஷார்ப்பில் வையுங்கள். அப்புறம் மூன்றாம் ஃப்ரெட்டில் கப்போ, அதாவது எல்லாத் தந்திகளையும் ஒன்றாக அழுத்தும் கவ்வி. ஆறு கோர்ஸ் லூட்டின் ஸ்ருதி அப்படியே வந்துவிடும், எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட் என்று காட்டும் பழைய டேப்லச்சர் குறிப்பைப் பார்த்தே வாசிக்கலாம். சில மாதம் இப்படி வாசித்துவிட்டு, எந்த உருப்படியில் கீழ் ஸ்வரம் பற்றவில்லை என்று எழுதுங்கள். அதை வைத்து உங்கள் எண்ணிக்கையை முடிவு செய்யலாம்.