ஓகே எங்கேருந்து வந்துச்சு? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணே, சண்டையில யாரும் சாகலைன்னா போர்டுல சைபர் போட்டு பக்கத்துல கே எழுதுவாங்களாம், சீரோ கில்டு, அதான் ஓகேன்னு வாட்ஸப்ல வந்துச்சே, நிஜமா?

பதில்: கதை நல்லாத்தான் இருக்கு தம்பி, தேதிதான் உதைக்குது. இந்தக் கதைக்கு இழுக்குற அமெரிக்க உள்நாட்டுப் போர் ஆரம்பிச்சதே 1861ல. ஓகே 1839லயே பேப்பர்ல வந்தாச்சு.

கேள்வி: அப்ப நிஜக் கதை என்ன சார்?

பதில்: சும்மா ஒரு மொக்க ஜோக்குதாங்க. அப்போ பாஸ்டன் பத்திரிகைக்காரங்களுக்கு ஒரு விளையாட்டு, வேணும்னே தப்பா ஸ்பெல்லிங் போட்டு அதோட முதல் எழுத்த மட்டும் எழுதுறது, இப்ப நம்ம பசங்க மீம்ல எழுத்துப்பிழையோட எழுதிட்டு சிரிக்கிறாங்கல்ல, அதே சேட்டை. 'ஆல் கரெக்ட்'ல ஏ வர்ற இடத்துல ஓ, சி வர்ற இடத்துல கே, அவ்ளோதான் ஓகே. 1839 மார்ச் 23, பாஸ்டன் மார்னிங் போஸ்ட் பேப்பர்ல பக்கத்து ஊர் பேப்பர கிண்டலடிச்ச ஒரு துணுக்குல வந்துச்சு, பக்கத்துலயே 'ஆல் கரெக்ட்'னு அர்த்தமும் போட்டிருக்காங்க. 'ஆல் ரைட்'டுக்கு ஓடபிள்யூன்னு ஒண்ணு இருந்துச்சு, அது செத்துப்போச்சு.

கேள்வி: அது செத்துச்சு, இது மட்டும் எப்படி பொழச்சுச்சு?

பதில்: இதான் கேள்வி! எலக்‌ஷன் காப்பாத்திருச்சு. 1840ல மார்ட்டின் வான் ப்யூரன் ரெண்டாவது தடவை பிரசிடென்ட் ஆக நின்னாரு, சொந்த ஊர் நியூயார்க் மாநிலத்துல கிண்டர்ஹூக், அதனால 'ஓல்ட் கிண்டர்ஹூக்'னு பட்டப்பேரு, ஆளுங்க ஓகே கிளப்புன்னு ஆரம்பிச்சுட்டாங்க. எதிர்க்கட்சி சும்மா இருக்குமா, இவரோட குரு, முன்னாள் பிரசிடென்ட் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு ஸ்பெல்லிங்கே தெரியாது, அவர்தான் ஃபைல்ல ஓகேன்னு தப்பா எழுதுனாருன்னு கிளப்பி விட்டாங்க. மாத்தி மாத்தி கத்துனதுல ஊரு பூரா பரவிருச்சு. வான் ப்யூரன் எதிர்க்கட்சி ஹாரிசன்கிட்ட தோத்துட்டாரு, வார்த்தை ஜெயிச்சுருச்சு.

கேள்வி: செவ்விந்தியர் மொழின்னு படிச்சேனே?

பதில்: சோக்டா மொழின்னு சொல்வாங்க மேடம், பிரசிடென்ட் வில்சன்கூட அத நம்பி ஓகேவ அந்த மொழி ஸ்பெல்லிங்லதான் எழுதுவாரு. ஆனா ஆலன் வாக்கர் ரீட்னு ஒரு ஆராய்ச்சியாளர் பழைய பேப்பரெல்லாம் தோண்டி 1960கள்ல பாஸ்டன் கதைய எடுத்துப் போட்டுட்டாரு, எனக்கு அதுக்கு மேல சந்தேகம் இல்ல.

கேள்வி: எங்க மேனேஜர் வெறும் 'கே'ன்னு ரிப்ளை பண்றாரு, கோவமா இருக்காரா?

பதில்: ஆல் போச்சு, கரெக்ட் மட்டும் மிச்சம். அதுவும் தப்பு ஸ்பெல்லிங்ல. லீவு கேட்டிருந்தா எடுத்துக்கோங்க.