எந்த ஃபிலிம் ரோலைப் போடலாம்? – கேள்வி பதில்

வணக்கம் சார். பழைய எஸ்எல்ஆர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. இதுவரை ஃபிலிம் போட்டதே இல்லை. எதில் ஆரம்பிக்கலாம்?

கறுப்பு வெள்ளை என்றால் இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ், கலர் என்றால் கோடக் கோல்டு 200. இரண்டுமே கை பழகாதவர்களின் தப்பைப் பொறுத்துக்கொள்ளும். கோல்டு 200-க்கு இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) வெளிச்சம் கூடிப் போனாலும் படம் தேறிவிடும். ஒரு ஸ்டாப் குறைந்தால்தான் சிக்கல்: நிழல் பகுதி கலங்கி, கிரெய்ன் (மணல் போன்ற புள்ளி) தூக்கலாகத் தெரியும். சந்தேகம் வந்தால் கூட்டியே கொடுங்கள்.

ரோல் போடும் முன் பேட்டரியைப் பாருங்கள். அந்தக் காலத்துக் கேமராக்கள் பல 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் இப்போதைய 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால், பல மாடல்களில் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும். படம் அண்டர் ஆகும், அதாவது வெளிச்சம் போதாமல் இருட்டாகும். பழி மட்டும் ஃபிலிம் மேல் விழும்.

கோடக் ட்ரை-எக்ஸா, எச்பி5-ஆ? ஆளாளுக்கு ஒன்று சொல்றாங்க.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விட டெவலப்பர் (ஃபிலிமில் உருவத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) மாற்றினால் வரும் வித்தியாசம் பெரிது. ட்ரை-எக்ஸில் கான்ட்ராஸ்ட் கொஞ்சம் எடுப்பாக இருக்கும். எச்பி5 சற்று தட்டையாக வரும், அதனாலேயே புஷ் செய்ய (பெட்டியில் உள்ளதை விடக் கூடிய வேகத்தில் எடுத்து, கூடுதல் நேரம் டெவலப் செய்ய) வசதி. ஐடி-11 டெவலப்பர் கரைசலை நீர்க்காமல் 20 டிகிரியில் பயன்படுத்தினால், எச்பி5-க்கு ஐஎஸ்ஓ (ஃபிலிமின் வேகத்தைக் குறிக்கும் எண்) 400-இல் ஏழரை நிமிடம், 800-இல் பத்தரை, 1600-இல் 14. ஆனால் புஷ் செய்வதால் ஃபிலிமின் வேகம் நிஜமாகக் கூடிவிடாது. வெளிச்சப் பகுதி மட்டும் மேலே ஏறும். வெளிச்சமே விழாத நிழலில் எத்தனை நிமிடம் ஊறினாலும் ஒன்றும் வராது.

எது கிடைக்கிறதோ அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஒரே டெவலப்பரில் பத்து ரோலாவது எடுங்கள். ரோலுக்கு ரோல் மாற்றிக்கொண்டே இருப்பவருக்கு எந்த ஃபிலிமும் பிடிபடாது.

பெட்டியில் 400 என்று இருக்கிறது. அனுபவசாலிகள் 250-இல் எடுக்கச் சொல்கிறார்கள். எதை நம்புவது?

சோதித்துப் பார்த்து உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள். பெட்டியில் உள்ள எண் ஆய்வகக் கணக்கு. உங்கள் மீட்டர், உங்கள் ஷட்டர், உங்கள் டெவலப்பர் மூன்றும் சேர்ந்து தருகிற வேகம் வேறாக இருக்கலாம். ஃபோமாபான் 400 பெரும்பாலான டெவலப்பர்களில் 200, 250-ஐத் தாண்டாது. டெல்டா 3200-இன் ஐஎஸ்ஓ வேகம் 1000 என்று இல்ஃபோர்டே சொல்கிறது.

சோதனைக்கு நெசவு தெரிகிற கறுப்புத் துணி ஒன்று, வெள்ளைத் துணி ஒன்று வேண்டும். வெயில் நேரடியாக விழாத, வெளிச்சம் மாறாத இடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடுங்கள். கேமரா டிரைபாடில். அப்பர்ச்சர் எஃப்/8-இலேயே இருக்கட்டும். ஐஎஸ்ஓ டயலை 100, 200, 400, 800 என்று வைத்து, மீட்டர் காட்டும் ஷட்டரில் ஒவ்வொரு ஃபிரேம் எடுங்கள். துணிகளுக்கு நடுவே சாம்பல் அட்டை வைத்து மீட்டர் பார்த்தால் நல்லது. கறுப்புத் துணியை மட்டும் பார்த்தால் மீட்டர் ஏமாந்துவிடும். லென்ஸ் மூடியைப் போட்டு ஒரு வெற்று ஃபிரேமும் வேண்டும். வழக்கமான நேரத்துக்கு டெவலப் செய்யுங்கள்.

காய்ந்த நெகட்டிவை விளக்குப் பலகையில் வைத்து லூப்பில் (சிறு உருப்பெருக்கி) பாருங்கள். கறுப்புத் துணி இருக்கும் இடம் வெற்று ஃபிரேம் மாதிரியே தெளிவாக இருந்தால் அங்கே எதுவும் பதியவில்லை. நெசவு தெரிகிற ஃபிரேம்களில் எது ஆகக் கூடிய எண்ணில் எடுத்ததோ, அதுதான் உங்கள் வேகம். பிறகு அதே ஃபிரேமில் வெள்ளைத் துணியைப் பாருங்கள். நெசவே தெரியாமல் அடைத்துப்போய் இருந்தால் டெவலப் நேரத்தில் 10 முதல் 15 சதவீதம் குறையுங்கள். வெளிறிக் கிடந்தால் அதே அளவு கூட்டுங்கள். நிழலைத் தீர்மானிப்பது எக்ஸ்போஷர், வெளிச்சப் பகுதியைத் தீர்மானிப்பது டெவலப் நேரம். இரண்டையும் ஒரே ரோலில் மாற்றினால் எது எதனால் வந்தது என்று தெரியாமல் போகும்.

ஆட்களை எடுக்க எக்டார் 100 போட்டேன். முகமெல்லாம் சிவந்துவிட்டது. லேப் தவறா?

லேப் மேல் சந்தேகப்பட வேண்டாம், எக்டாரின் குணமே அது. நிறம் அடர்த்தி, கான்ட்ராஸ்ட் அதிகம். தோலின் சிவப்பைத் தூக்கிக் காட்டும். அண்டர் ஆனால் நிழல் நீலம் பூசிக்கொள்ளும். கட்டடம், மலை, வண்டி என்றால் அள்ளிக்கொண்டு போகும். முகத்துக்கு போர்ட்ரா 400. அதை 200-இல் வைத்து எடுத்து, லேபில் சாதாரணமாகவே கழுவச் சொல்லுங்கள்.

ஸ்லைடு ஃபிலிம் முயன்று பார்க்கலாமா அண்ணா?

கண்டிப்பாக. நெகட்டிவ் இல்லாமல் ஃபிலிமிலேயே நேரடிப் படம் வருவது இது. எக்டாக்ரோம் இ100-ஐ கோடக் 2018-இல் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் நெகட்டிவ் பழக்கத்தை மறந்துவிட வேண்டும். இதில் அரை ஸ்டாப் தப்பே கண்ணில் படும், வெளுத்துப்போன வானம் திரும்ப வராது. வெளிச்சப் பகுதியை அளந்து எக்ஸ்போஸ் செய்யுங்கள். உச்சி வெயிலைத் தவிருங்கள்.

சினிமா ஃபிலிமை சாதாரண கலர் லேபில் கொடுக்கலாமா?

ரோலின் பின்புறம் ரெம்ஜெட் என்கிற கரிப்பூச்சு இருந்தால் கூடவே கூடாது. அது சாதாரண கலர் லேபின் சி-41 கெமிக்கலில் கரைந்து, கூட ஓடுகிற மற்றவர்களின் ஃபிலிமிலும் ஒட்டும். சினிமா ஃபிலிமுக்கான ஈசிஎன்-2 முறையில் கழுவுகிற லேபைத் தேடுங்கள். சினிஸ்டில் 800டி-யில் அந்தப் பூச்சை முன்பே நீக்கியிருப்பதால் சி-41-இல் ஓடும். விளக்கைச் சுற்றி அதில் வரும் சிவப்பு ஒளிவட்டத்துக்கும் பூச்சு இல்லாததுதான் காரணம்: ஒளி ஃபிலிமைத் துளைத்துப் பின்னால் பட்டுத் திரும்பிவந்து சிவப்பு அடுக்கில் பதிகிறது.

ராத்திரியில் டிரைபாட் வைத்து 30 விநாடி கொடுத்தும் எச்பி5 இருட்டாகவே வருது. ஏன்?

நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிமின் உணர்திறன் குறைந்துகொண்டே போகும். மீட்டர் காட்டும் விநாடியை 1.31 என்கிற அடுக்குக்கு (கணக்கில் பவர்) உயர்த்தினால் எச்பி5-க்கான நிஜ நேரம் கிடைக்கும். 10 விநாடி 20 ஆகும். 30 விநாடி ஏறக்குறைய 86 ஆகும். நீங்கள் கொடுத்தது பாதி கூட இல்லை. எஃப்பி4 பிளஸுக்கு அடுக்கு 1.26. இரவுப் படமே உங்கள் விருப்பம் என்றால் ஃபியூஜி அக்ராஸ் 2 வாங்குங்கள், 120 விநாடி வரை திருத்தமே வேண்டாம்.

டி-மேக்ஸ் நெகட்டிவ் ரோஸ் நிறத்தில் இருக்கிறது. கெட்டுப்போச்சா?

இல்லை. ஃபிக்ஸர் (டெவலப் செய்த பின் உருவத்தை நிலைநிறுத்தும் கரைசல்) களைத்திருக்கும், அல்லது நேரம் போதவில்லை. புது ஃபிக்ஸரில் மறுபடி போட்டு நன்றாகக் கழுவுங்கள், நிறம் போய்விடும். இனிமேல் ரோலின் நுனியை வெட்டி ஃபிக்ஸரில் போட்டு, அது தெளிய எவ்வளவு நேரம் ஆகிறதோ அதைப் போல் இரண்டு மடங்காவது கொடுங்கள். டி-மேக்ஸ், டெல்டா வகைக்கு மூன்று மடங்கு.

மொத்தமாக வாங்கி ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

வைக்கலாம், டப்பாவின் மூடியைத் திறக்காமல். எடுத்த உடனே திறந்தால் ஃபிலிம் மேல் நீர் கோத்துப் புள்ளி விழும். ஒன்றரை மணி நேரம் வெளியே இருக்கட்டும். எடுத்து முடித்த ரோலைச் சேர்த்து வைக்காதீர்கள். முக்கியமாக பான் எஃப் பிளஸ்: பதிந்த உருவம் அதில் சீக்கிரம் மங்கும், மூன்று மாதத்துக்குள் கழுவிவிடுங்கள்.