ரத்தம் வருகிற பக்கத்தைத்தான் நன்றாகத் துலக்க வேண்டும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை. வயது 44. பல் துலக்கும்போது கீழ்வரிசை இடது பக்கம் ரத்தம் வருகிறது. அதனால் அங்கே பிரஷ் படாமல் விரலால் சிவப்புப் பொடி தேய்க்கிறேன். கிளீனிங் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்கிறார்கள் லயனில் (தோட்டக் குடியிருப்பில்). இலவச முகாமுக்கு வந்தவர்கள் நான்கு பல்லை எடுத்து ஸ்க்ரூ பல் வைக்கச் சொல்கிறார்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். என்ன செய்வது?

பதில்: பிரஷ் குத்தி வரும் ரத்தம் இல்லை அம்மா இது. பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் அழுக்குப் படலம் தங்கி ஈறு வீங்கியிருக்கிறது. வீங்கிய ஈறு தொட்டாலே கசியும். பயந்து அந்தப் பக்கத்தை விட்டுவிட்டதால் அழுக்கு இன்னும் கூடியிருக்கும்.

பொடியை இன்றே நிறுத்துங்கள். சில பொடிகள் மணல் மாதிரி தேய்க்கும், சிலவற்றில் புகையிலையே இருக்கும். புகையிலை ஈறின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும். ரத்தம் நின்றுவிட்டதே என்று நீங்கள் மகிழ்வீர்கள், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். வெற்றிலையோடு போயிலை போடுபவர்களுக்கும் இதே கதிதான்.

மென்மையான நார் பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட் பட்டாணி அளவு, வெதுவெதுப்பான தண்ணீர். மார்கழிக் குளிரில் குழாய்த் தண்ணீர் பல்லில் பட்டால் கூசும், அரை நிமிடத்தில் வேலையை முடித்துவிடத் தோன்றும். நாரை 45 டிகிரி சாய்த்து, பாதி பல்லிலும் பாதி ஈறு ஓரத்திலும் படும்படி வையுங்கள். அழுத்தாமல், ஒரு பல் அகலத்துக்குள்ளேயே அதிர்த்தபடி பத்து எண்ணி, அடுத்த இரண்டு பல்லுக்கு நகருங்கள். நாக்குப் பக்கத்தையும் விடக்கூடாது. காலை, இரவு குறைந்தது இரண்டு நிமிடம், இரவு கட்டாயம். முதல் சில நாள் ரத்தம் வரத்தான் செய்யும், நிறுத்திவிடாதீர்கள். வீக்கம் மேலோட்டமானது என்றால் இரண்டு வாரத்தில் நன்றாகக் குறைந்துவிடும்.

குறையாவிட்டால் ஈறுக்கு அடியில் காரை, அதாவது கல்லாகிப்போன அழுக்கு, இறுகியிருக்கலாம். பிரஷ் அதைப் பெயர்க்காது, கிளீனிங்தான் வழி. லயனில் சொல்வதற்குப் பதில்: மண் அரித்து வேர் தெரியும் சில்வர் ஓக் மரம் ஆடுவது மண் போனதால், வேரில் ஒட்டிய சேற்றைக் கழுவியதால் இல்லை. காரை போனபின் பல்லிடை இடைவெளி தெரியும், சில நாள் கூசும், அவ்வளவுதான்.

இப்போது முகாம்காரர்கள். டார்ச் அடித்துப் பார்த்துப் பல்லை எடுக்கச் சொல்பவரிடம் "அளவு எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேளுங்கள். மெல்லிய அளவுக் கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு, ஆழத்தை ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் அளந்து எழுத வேண்டும். 1 முதல் 3 வரை சரி. 4 அல்லது அதற்கு மேல் போய் ரத்தமும் கசிந்தால் நோய். எலும்பு எவ்வளவு மிச்சம் என்று எக்ஸ்ரே சொல்லும். இந்த இரண்டும் இல்லாமல் பல்லை எடுக்கச் சொல்வது வியாபாரம். கீழே ஊருக்கு வேன் வைத்து அழைத்துப்போய், தவணைத் தாளில் கையெழுத்து வாங்கும் இடைத்தரகர்களுக்கு ஆதார் நகல்கூடக் கொடுக்காதீர்கள்.

அரசு மருத்துவமனைக்கே போகலாம். ஆனால் பல்லைப் பிடுங்க ஐந்து நிமிடம், காப்பாற்ற நாலு தடவை பஸ். மெஷின் ரிப்பேர் என்றால் ஐந்தாவது தடவை. அத்தனை நாள் கூலி போனால் யார்தான் பல்லைக் காப்பாற்ற நினைப்பார்கள்?

மாத்திரை விஷயம் முக்கியம். அட்டையில் அம்லோடிபின் என்று இருக்கிறதா பாருங்கள். அது சிலருக்கு ஈறை வளர்த்துவிடும். பற்களுக்கு நடுவே, முக்கியமாக முன்பக்கம், மொட்டு மொட்டாகத் தடிக்கும். எல்லோருக்கும் வராது, அழுக்கு இருந்தால்தான் அதிகம் வளரும். நீங்களாக மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் எகிறும், அது பல்லைவிடப் பெரிய ஆபத்து. அட்டையைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். மாற்ற வேண்டுமானால் பிரஷருக்குப் பார்க்கும் மருத்துவர்தான் மாற்றுவார். மாற்றிய பிறகும் வீக்கம் வடிய வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை துலக்குவதில் சலுகை கிடையாது.

வாய் கொப்பளிக்கும் மருந்தான குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம் எழுதிக் கொடுத்தால் 10 மில்லி, ஒரு நிமிடம், தினம் இரண்டு வேளை, இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம். பேஸ்ட் போட்டு அரை மணி நேரம் கழித்துக் கொப்பளியுங்கள், இல்லாவிட்டால் மருந்து சரியாக வேலை செய்யாமல் போகலாம். கொப்பளித்த கையோடு டீ குடித்தால் பல் பழுப்பாகும். தோட்டத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். ஒரு மணி நேரமாவது பொறுங்கள்.

கிளீனிங் முடிந்து மூன்று மாதத்தில் மறுபடி அளக்கச் சொல்லி, பழைய தாளோடு வைத்துப் பாருங்கள்.